விருத்தாம்பாளுக்குக் கொடுத்த பேச்சு

செல்வகுமாரி அக்காவோடு நான் முதன்முதலில் பேசியது சேலியமேட்டில், சித்திரை மாதத்து நடவின்போது, ஒரு வயல் வரப்பில். காலை பத்து மணி. நடவுப் பெண்கள் கரையேறி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மாத இதழ் ஒன்றை அவரிடம் நீட்டி, இதைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். பார்த்திருப்பதாகச் சொன்னார். படித்திருக்கிறீர்களா என்றேன். வாங்கிப் புரட்டினார். தாள் நல்ல கெட்டி, டிரங்குப் பெட்டிக்கு அடியில் போட்டிருக்கிறேன், கரையான் ஏறவில்லை என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் என் முகத்தையே பார்த்தார்.

பிறகு, நீ எழுதியதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒரு பத்தி படித்துக் காட்டச் சொன்னார். வெயிலில் வேலை செய்யும் பெண்கள் தண்ணீர் குடிப்பது பற்றிய பத்தியைப் படித்தேன். "வெப்பம் மிகுந்த காலங்களில் மகளிர் தத்தம் உடலின் நீர்ச்சத்து குறையாவண்ணம் பேணிக்கொள்ளுதல் இன்றியமையாததாகும்" என்று அது தொடங்கும். முழுவதும் கேட்டார். டீ டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"இத்த யார்கிட்ட சொல்ற?"

உங்களிடம்தான் என்றேன்.

"எங்கிட்ட இல்ல பாப்பா. எனக்குப் பின்னால யாரோ சேர் போட்டு குந்திக்கினு இருக்கறாப்பல பேசற. அவங்ககிட்ட சொல்ற. நான் நடுவுல நிக்கறேன்."

என்னை அறியாமல் அவருக்குப் பின்னால் பார்த்தேன். நடாத வயலில் தண்ணீர் மட்டும் நின்றது. நீங்கள் என்றால் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். யாரிடம் சொல்ல வேண்டும், அதை முதலில் சொல் என்றார். யோசித்துவிட்டு, வரப்பின் கடைசியில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைக் காட்டினேன். கல்யாணமாகி ஏழெட்டு மாதம்தான் ஆகிறது, மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள் என்று தணிந்த குரலில் சொன்ன அக்கா, அவள் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார்.

"ஏண்டி, ஒண்ணுக்குப் போவ மறைவு இல்லன்னு காலைலேர்ந்து தண்ணியே குடிக்காம இருக்கறியே. உள்ள வளர்றது இன்னா தவளையா, சேத்துத் தண்ணிய குடிச்சிக்கினு கெடக்க? குடி. மறைவுக்கு நாங்க பதிமூணு பேரு சுத்தி நிக்கறோம்."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு பாட்டிலை எடுத்தாள். ஒதுங்க இடம் இல்லாததால்தான் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை என்பது என்னுடைய இரண்டு பக்கத்தில் எங்கேயும் இல்லை. என் கைப்பேசி மடியில் கிடந்தது. அதில் பதிவுப் பொத்தானை நான் அழுத்தியிருந்தேன். அவரிடம் கேட்காமலே அழுத்தியிருந்தேன்.

வில்லியனூரில் ஓர் உரக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளின் மகளிர் குழுக்கள் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு அந்த இதழை நடத்துகிறது. இருபத்து நான்கு பக்கம், இரண்டாயிரம் பிரதி. எழிலரசன் சார் ஆசிரியர். நான் அவருக்கு உதவி. மருத்துவம், கால்நடை, அரசுத் திட்டம் பற்றி ஆங்கிலத்தில் வருவதைத் தமிழாக்குவது என் வேலை. கான்வென்டில் ஆங்கிலத்தையும், வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்த ஓர் ஐயாவிடம் இலக்கணத் தமிழையும் படித்தவள் நான். இரண்டிலும் பிழையில்லாமல் எழுத வரும். குழுக் கூட்டங்களுக்குப் போகும் எங்கள் இதழ் கட்டுப் பிரிக்காமல் கிடப்பதை அதுவரை வாசகர்களின் குற்றம் என்றுதான் நினைத்திருந்தேன்.

சேலியமேட்டுப் பதிவை சாருக்குப் போட்டுக் காட்டினேன். மூன்று தடவை கேட்டார். அன்று முழுவதும் நாங்கள் பேசியது ஒரே விஷயத்தைத்தான்: இப்படி ஒருத்தி அச்சில் பேசினால், படிப்பவர்களை என்னவென்று கூப்பிடுவாள்? 'நீங்கள்' என்றால் வங்கியிலிருந்து வந்தவள் போல ஆகிவிடும். 'நீ' என்றால், முகம் தெரியாத எவளோ என்னை நீ என்கிறாளே என்று கோபம் வரும். மாமியாரும் மருமகளும் ஒரே இதழை வாங்குகிறார்கள். இரண்டு பேருக்கும் பொருந்த வேண்டும். கடைசியில் சார் ஒரு வழி சொன்னார். பேசுகிறவளுக்கு வயதைக் கூட்டிவிடு என்றார். ஐம்பத்திரண்டு வயதுக்காரி 'இன்னாமா' என்று கூப்பிட்டால் இருபது வயதுக்காரிக்கும் உறுத்தாது, அறுபது வயதுக்காரிக்கும் உறுத்தாது.

அப்படித்தான் விருத்தாம்பாள் உண்டானாள். சார் தன் டைரியில் ஒரு பக்கத்தில் அவளைப் பற்றிக் குறித்துக்கொண்டார். வயது, ஒரு பசுமாடு, புருஷன் இல்லை, இடது காது மந்தம். இதெல்லாம் அச்சில் வராது, நாம் எழுதும்போது ஒரு பிடிப்பு வேண்டுமே, அதற்குத்தான் என்றார். எழுத்தைப் பற்றியும் சில முடிவுகள் செய்தோம். வட்டார உச்சரிப்பு அத்தனையையும் எழுத்தில் கொண்டுவந்தால் படிக்கச் சிரமம், கேலி செய்வதுபோலவும் தோன்றும். ஆகவே வாக்கியத்தின் முடிவிலும் விளிப்பிலும் மட்டும் பேச்சு இருக்கட்டும். மாத்திரையின் அளவு, விண்ணப்பத் தேதி போன்றவை மட்டும் தனியாகக் கட்டம் கட்டி நல்ல தமிழில் வரட்டும். வேடிக்கையாகச் சொன்ன அளவை நம்பி யாரும் மாத்திரை போடமாட்டார்கள்.

செல்வகுமாரி அக்கா சம்மதித்தார். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். நிலக்காரர் அரங்கநாதன் வீட்டில் படிப்பார்கள், நாளைக்கு வாசலில் நின்று பேச முடியாது. அவர் கணவர் வீரமணி கட்டட வேலைக்குப் போகிறவர். மகள் அர்ச்சனா நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். எங்களையும் இந்த இரண்டு பேரையும் தவிர யாருக்கும் தெரியாது.

அவர் செய்துவந்த வேலையை இங்கே சொல்ல வேண்டும். அவர் நடவு மேஸ்திரி. பதின்மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டு வயல் வயலாகப் போகிறவர். எந்த வயலில் எத்தனை பேர் என்று நிலக்காரரிடம் பேசுவதும் அவர்தான், முதல் நாள் சாயங்காலம் ஒவ்வொருத்திக்கும் போன் செய்து வரவைப்பதும் அவர்தான். அந்தப் பதின்மூன்று போன்களை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். மருமகளை அனுப்ப மனமில்லாத மாமியாரிடம் ஒரு மாதிரி. இடுப்பு வலி என்பவளிடம் ஒரு மாதிரி. நூறு நாள் வேலைக்குப் போகிறேன் என்று நழுவுகிறவளிடம் இன்னொரு மாதிரி. ஸ்டெல்லா என்று ஒருத்தி. அவளுக்குப் போன் செய்து, வா என்று ஒருமுறைகூடச் சொல்லமாட்டார். இரண்டு நிமிடம் எதையோ சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டு வைத்துவிடுவார். அவள்தான் காலையில் முதலில் வந்து நிற்பாள். அக்காவுக்கு நிலம் இல்லை, வேறு தொழிலும் இல்லை. அவருடைய சோறு அவர் வாயில்தான் இருந்தது.

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை அவர் வீட்டுக்குப் போவேன். விஷயத்தைச் சொல்வேன். யாரிடம் சொல்லணும் என்று கேட்பார். ஒரு பெயரைச் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு அவளிடம் பேசுவார். அதை எழுதி எடுத்துக்கொண்டு வருவேன். முதல் இதழ் வந்ததும் அவருக்கே படித்துக் காட்டினேன். சந்தோஷமாகக் கேட்டவர், "நல்லா பேசறாளே, யாரு இவ?" என்றார். வேடிக்கை செய்கிறார் என்று நினைத்தேன்.

ஆறு மாதத்தில் இதழ்க் கட்டுகள் பிரிபட ஆரம்பித்தன. ஒரு வருடத்தில் விருத்தாம்பாளின் பக்கத்தைக் குழுக் கூட்டத்தில் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் மற்ற வேலை என்றானது. மணப்பட்டிலிருந்து மீன்காரப் பெண்கள் நாலு பேர் விருத்தாம்பாளுக்குக் கருவாடு கொடுத்தனுப்பினார்கள். சிலர் அவளைக் கிருமாம்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் பார்த்ததாகச் சொன்னார்கள். சார் சிரித்து, நம் எழுத்துக்கு இதைவிட என்ன நற்சான்று வேண்டும் என்றார்.

சேலியமேட்டு வயலில் நடந்தது வேறு. இரண்டாவது சித்திரை நடவின்போது, குனிந்து நட்டுக்கொண்டிருந்த ஒருத்தியை அக்கா வழக்கம்போல ஏதோ சொல்லி அதட்டியிருக்கிறார். ஸ்டெல்லா நிமிர்ந்து, "இன்னாக்கா, புக்குல வர்ற விருத்தாம்பா மாதிரியே பேசற? மனப்பாடம் பண்ணிக்கினு வர்றியா?" என்றாளாம். எல்லோரும் சிரித்தார்கள். அது அக்கா பதினைந்து வருடமாகச் சொல்லிவந்த சொல். ஸ்டெல்லாவுக்குத் தாலி கட்டிய வாரத்தில் அவளைப் பார்த்தே சொன்ன சொல். அதை யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. அதுமுதல் அவர் எதைச் சொன்னாலும், இது எந்த மாதத்துப் புத்தகம் என்று கேட்டார்கள்.

அச்சில் போனதைச் சொல்லாமல் இருக்கப் பார்த்தார். முதலில் அது அவருடைய தீர்மானமாகத்தான் இருந்தது. பிறகு தீர்மானமாக இல்லை. என்னிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் நின்றுவிடுவார். வாய் திறந்தபடி இருக்கும். கை, பழைய சொல்லுக்கான சைகையைச் செய்துகொண்டிருக்கும். சொல் வராது. ஒருநாள் அவரே சொன்னார்: "வாயில எடம் கீது, ஆனா அது இல்ல. பல்லு புடுங்கின எடத்துல நாக்கு போய்ப் போய்த் தடவுமே, அந்த மாதிரி." களைப்பு என்றேன். ரத்தம் பரிசோதிக்கச் சொன்னேன். பல் பிடுங்கிய இடம் என்ற அந்தச் சொல் நன்றாக இருக்கிறதே என்று மனதில் குறித்துக்கொண்டேன். அதையும் எழுதினேன். அடுத்த மாதம் அது அச்சில் வந்தது.

ஐப்பசியில் டெங்கு பற்றிய பக்கம். செவ்வாய்க்கிழமை போயிருந்தேன். காய்ச்சல் இறங்குகிற நாளில்தான் ஆபத்து, அப்போதுதான் குழந்தையைக் கவனமாகப் பார்க்க வேண்டும், இதைத்தான் சொல்ல வேண்டும் என்றேன். அன்று அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. கண்ணை மூடியவர் திறக்கவில்லை. வெளியே கோழி ஒன்று கத்தி ஓய்ந்தது. பிறகு சொன்னார்.

"சொரம் போவல மா. செருப்பக் கழட்டி வெச்சிட்டு உள்ள வருது."

பதிவை நிறுத்திவிட்டுக் கிளம்பினேன். அந்த வாக்கியம் என் கைப்பேசியில் மட்டும் இருந்தது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியதால் இரண்டு நாள் அலுவலகம் இல்லை. நான் அதை இன்னும் எழுதக்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை ஒதியம்பட்டில் ஒரு குழுக் கூட்டம். முடிந்து புறப்படும்போது, ஆஸ்பத்திரிக்குச் சோறு எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்த காசம்மாள் என்ற பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார். கரும்பு வெட்டப் போகிறவர். விருத்தாம்பா அக்காவுக்கு நான் நன்றி சொன்னதாகச் சொல்லுங்கள் என்றார். எதற்கு என்று கேட்டேன். முந்தைய நாள் உச்சிப் பொழுதில் அக்கா தம் வீட்டுக்கு வந்ததாகச் சொன்னார். வாசலில் நின்று தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாராம். உள்ளே மகள் படுத்திருந்தாள். நாலு நாள் காய்ச்சல், அன்று காலையில்தான் விட்டிருந்தது. விட்டுவிட்டதே என்று காசம்மாள் கரும்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

வந்தவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

"சொரம் போவல மா, செருப்பக் கழட்டி வெச்சிட்டு உள்ள வருதுன்னாங்க. கரும்புக் கத்திய அங்கியே போட்டேன். அப்படியே ஆட்டோ புடிச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடினோம். இன்னும் அரை நாள் வுட்டிருந்தா போயிருக்கும்னு டாக்டரு சொன்னாரு."

அது விருத்தாம்பாள்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். பேச்சிலேயே தெரிந்துவிட்டது என்றார் காசம்மாள். பிறகு ஏதோ நினைவு வந்தவராக, நான் பேசியதெல்லாம் அவங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை, பாவம், வலது காதையே திருப்பித் திருப்பிக் கேட்டாங்க, இடது காது மந்தம்போல என்றார்.

ஒதியம்பட்டிலிருந்து சேலியமேட்டுக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். வியாழக்கிழமை உச்சிப் பொழுதில் செல்வகுமாரி அக்கா அரங்கநாதன் வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தார். பார்த்தவர்கள் பத்துப் பேர். நான் அந்த வெள்ளிக்கிழமையே அவர் வீட்டுக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை சொன்னதை இன்னொரு முறை சொல்லுங்கள் என்றேன். எதை என்றார். டெங்கு, காய்ச்சல் இறங்குவது என்று எடுத்துக்கொடுத்தேன். அப்படி ஒன்றைச் சொன்னதாகவே அவருக்கு நினைவில்லை.

பதிவைப் போட்டேன். அக்கா அசையாமல் கேட்டார். அர்ச்சனா அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்து, "யாரும்மா இது?" என்றாள். உங்கள் அம்மாதான் என்றேன். அவள் இன்னொரு முறை கேட்டாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "எங்கம்மா இல்ல இது. வயசான பொம்பளக் குரலு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் அந்த வாக்கியத்தை அந்த மாத இதழில் போடவில்லை. டெங்குவை என் தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன். ஆனால் அக்காவை விட்டுப் போனது போனதுதான்.

தை மாதத்து நடவுக்கு முந்தைய சாயங்காலம், அக்கா எல்லோருக்கும் போன் செய்தார். வீரமணி அண்ணன் பக்கத்தில் இருந்தார். அவர்தான் பிறகு எனக்குச் சொன்னார். மருமகளை அனுப்பாத மாமியாரிடமும், இடுப்பு வலிக்காரியிடமும், ஸ்டெல்லாவிடமும் அக்கா ஒரே மாதிரி, ஒரே குரலில், இப்படிச் சொன்னாராம்: "நாளை காலை ஆறு மணிக்கு அனைவரும் தவறாமல் வருகை தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

முதலில் சிரித்தவர்கள் அவர் இன்னும் ஒரு வேடிக்கை செய்கிறார் என்று நினைத்தார்கள். மறுநாள் வந்தவர்கள் நாலு பேர். வயலில் இறங்கியதும், நாற்றுமுடி பற்றாக்குறையாக உள்ளது என்று அக்கா சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. ஸ்டெல்லா கரையேறிப் போய்விட்டாள். யாரோ மந்திரித்து வைத்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சாயிற்று. மிச்சப் பெண்கள் பரிக்கல்பட்டு மேஸ்திரியோடு போக ஆரம்பித்தார்கள். வீரமணி அண்ணன் அவரைக் கோவிலுக்குக் கூட்டிப்போனார், மருத்துவரிடமும் காட்டினார். தலையை ஸ்கேன் செய்தார்கள். ஒன்றும் இல்லை. அக்கா வீட்டில் அநேகமாகப் பேசுவதை நிறுத்திவிட்டார். பேசினால், அது என் தமிழாக இருந்தது. 'இன்றியமையாதது' என்றுகூட ஒருநாள் சொன்னார். நான் அவர் பாயில் உட்கார்ந்திருந்தேன், எழுந்துவிட்டேன்.

மாசியில் ஒருநாள் அவரே என்னை வரச் சொல்லியிருந்தார். மகள் வீட்டில் இல்லை. விருத்தாம்பாள் செத்துவிட்டதாக இதழில் எழுத முடியுமா என்று கேட்டார். அவள் இருக்கும்வரைக்கும் தமக்குப் பேச்சு திரும்பாது என்று நம்பினார். சித்திரை நடவும் கைவிட்டுப்போனால் ஒரு பெண்ணும் இனித் தம்மோடு வரமாட்டாள் என்றார். எழுதுகிறேன் என்றேன். அவர் கேட்டதை நான் மறுக்கிற நிலையில் இல்லை.

எழிலரசன் சார் மறுத்தார். "இல்லாத ஆளும்மா அது. இல்லாத ஆள் எப்படிச் சாகும்? கருமாதி யார் பண்றது, நீயா நானா?" என்றார். அக்காவுக்கு நல்ல வைத்தியம் பார்ப்போம், வேறு ஒருத்தியைப் பேசவைத்துப் பதிவு செய்வோம், பக்கம் தொடரட்டும் என்றார். அவர் கெட்டவர் இல்லை. காசம்மாளின் மகள் பிழைத்ததை நானே அவரிடம் சொல்லியிருந்தேன். ஒரு பக்கம் ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது, அதை நிறுத்துவது பாவம் என்று நினைத்தார். இடது காது விஷயத்தை மட்டும் நான் அவரிடம் அதுவரை சொல்லவில்லை. அப்போது சொன்னேன்.

சார் மேசை இழுப்பறையைத் திறந்து டைரியை எடுத்தார். அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். இதை யாருக்காவது காட்டினாயா என்று கேட்டார். டைரி உங்களிடம்தானே இருக்கிறது என்றேன். கீழே உரக்கடையில் மூட்டை இறக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. டைரியை மூடி இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். "எழுதிடும்மா" என்றார்.

பங்குனி இதழின் கடைசிப் பக்கத்தில், கறுப்புக் கட்டத்துக்குள் அது வந்தது. "நம் இதழின் வாயிலாகத் தாய்மார்களுடன் இரண்டாண்டுக் காலம் உரையாடி வந்த திருமதி விருத்தாம்பாள் அவர்கள் இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்." அவ்வளவுதான். எப்படி, எங்கே என்று எழுதவில்லை. படம் இல்லை.

மணப்பட்டில் பதினாறாம் நாள் படையல் போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். காசம்மாள் மகளையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். அக்கா வீடு எங்கே, ஒரு மாலை போட்டுவிட்டு வருகிறோம் என்றார். வீடு இல்லை என்றேன். அப்படி ஓர் ஆளே இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"வந்து நின்னு தண்ணி குடிச்சிட்டுப் போனவங்களுக்கு வூடு இல்லன்றியே பொண்ணே" என்றார் காசம்மாள். மாலையை என் மேசை மேலேயே வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் வரை அதை யாரும் தொடவில்லை.

நான்கு நாள் கழித்து அர்ச்சனா போன் செய்தாள். காலையில் அம்மா பக்கத்து வீட்டு ஆட்டைத் திட்டினாள் என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள். என்ன சொல்லித் திட்டினார் என்று நான் கேட்கவில்லை. சித்திரை நடவுக்குப் பதின்மூன்று பேரில் எட்டுப் பேர் திரும்பி வந்தார்கள். ஸ்டெல்லா வரவில்லை. அச்சில் போன சொற்கள் எதுவும் அக்காவுக்குத் திரும்பவில்லை என்று அர்ச்சனா சொல்கிறாள். இப்போது வருவதெல்லாம் புதியவை. முன்பு அவர் வாயில் யாரும் கேட்டிராதவை. பேச்சு வந்ததே போதும் என்றிருக்கிறார்கள்.

ஒருநாள் பாகூர் போகிற வழியில் வண்டியை நிறுத்திச் சாலையிலிருந்தே பார்த்தேன். வயலின் அந்தக் கோடியிலிருந்து அவர் குரல் இந்தக் கோடிவரை கேட்டது. பெண்கள் சிரித்தார்கள். கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. இந்தக் கட்டுரையில் அவர் பேச்சாக வந்திருப்பவை எல்லாம் ஏற்கெனவே போனவை. அர்ச்சனாவை விட்டு அவருக்குப் படித்துக் காட்டச் செய்து, அவர் அடிக்கச் சொன்ன மூன்று இடங்களை அடித்துவிட்டேன்.

விருத்தாம்பாளை முடித்துவிடச் சொன்ன அந்த மாசி மாதத்து நாளில், நான் எழுந்து வாசல்வரை வந்துவிட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்றார். இன்னும் ஒன்று கேட்க வேண்டும் என்றார். இரண்டு வருடமாக என்னை நீ என்றும் பாப்பா என்றும் கூப்பிட்டவர், அன்று என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாதவர்போலச் சற்று நேரம் நின்றார். பிறகு, தாளைப் பார்த்துப் படிப்பவர்போல, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"அவளுடைய மரணத்தை உங்கள் மொழியில் எழுதுங்கள். தயவுசெய்து என் மொழியில் எழுத வேண்டாம்."